222 முகாம்கள் எங்கே? தேசிய சேவைப் பயிற்சி குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: மாண்புமிகு தற்காப்பு அமைச்சர், மாண்புமிகு இளைஞர் விளையாட்டு அமைச்சர், தேசிய சேவைப் பயிற்சித் துறை அதிகாரிகள்

அனுப்புநர்: முதலுதவி, வெள்ள மீட்பு, முகாம் நிர்வாகம் ஆகிய பணிகளில் இருக்கும் பினாங்குத் தமிழர்கள்

வணக்கம்.

மலேசியாவின் தேசிய சேவைப் பயிற்சித் திட்டமான பி.எல்.கே.என். மூன்றாவது முறையாக உயிர் பெற்றிருக்கிறது. 2025 ஜனவரியில் தன்னார்வலர்களை வைத்து முன்னோடித் தொடர் தொடங்கியது. காலம் 45 நாள். எழுபது விழுக்காடு அடிப்படை ராணுவப் பயிற்சி, மீதி நாட்டுணர்வுப் பாடம். போகப் போக இதை எல்லாருக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்ற பேச்சு நாடாளுமன்றத்திலும் காப்பிக் கடையிலும் ஒரே சத்தத்தில் கேட்கிறது. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இப்போதைக்குக் கட்டாயம் வேண்டாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வெயில் தாங்கமாட்டார்கள் என்பதற்காகவோ ராணுவம் பிடிக்காது என்பதற்காகவோ இதைச் சொல்லவில்லை. கணக்கு இடிக்கிறது, அவ்வளவுதான்.

ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பேர் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதுகிறார்கள். 45 நாள் தொடர் ஒன்று முடிந்தால், அடுத்த தொடருக்கு முன் முகாமுக்குக் குறைந்தது 10 நாள் வேண்டும். மெத்தை காய வேண்டும், கொசுப்புகை அடிக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும், பண்டகசாலைக் கணக்கு முடிக்க வேண்டும், பயிற்றுநர்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை முகம் பார்க்க வேண்டும். ஆக ஒரு சுற்றுக்கு 55 நாள்; ஆண்டுக்கு 6 சுற்று. 300 பேர் தங்கும் முகாம் ஒன்று ஆண்டுக்கு 1,800 பேரைத்தான் எடுக்கும். 4 லட்சத்தை 1,800ஆல் வகுத்துப் பாருங்கள். 222 முகாம் வரும். பத்துப் பேருக்கு ஒரு பயிற்றுநர் என்றால் முகாமுக்கு 30, நாடு முழுக்க 6,660 பேர். அந்த 30 பேரும் ஒரே நேரத்தில் பணியில் இருக்க முடியாது. மூன்று ஷிப்டாகப் பிரித்தால் இரவு இரண்டு மணிக்கு 300 பிள்ளைகளுக்குப் பத்துப் பேர் விழித்திருப்பார்கள்.

சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளுக்கு 20 ரிங்கிட் என்று மிகச் சிக்கனமாகப் போட்டாலும் 45 நாளுக்கு 900 ரிங்கிட். 4 லட்சம் பேருக்கு 36 கோடி ரிங்கிட். 2015 ஜனவரியில் அன்றைய பிரதமர் நஜிப் வரவு செலவைத் திருத்தியபோது, பி.எல்.கே.என்.ஐ ஓராண்டு நிறுத்தினால் 40 கோடி ரிங்கிட் மிச்சமாகும் என்றுதான் காரணம் சொன்னார். 2004இல் அவரே தற்காப்பு அமைச்சராக இருந்து தொடக்கி வைத்த திட்டம் அது. 2016இல் மறுபடி வந்தது. 2018 ஆகஸ்டில் அடுத்த அரசாங்கம் முழுவதுமாகக் கலைத்தது. எண்ணெய் விலை இறங்கினாலோ ஆட்சி மாறினாலோ முதலில் வெட்டப்படும் செலவு இதுதான் என்பதை இந்த நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது.

முகாம் போதாத இடத்தில் கட்டாயம் என்று சட்டம் போட்டால் என்ன நடக்கும்? குலுக்கல் நடக்கும். பழைய பி.எல்.கே.என்.இல் நடந்ததே அதுதான். கணினி பெயர்களைப் பொறுக்கியது. ஒரே வகுப்பில், ஒரே மேசையில் உட்கார்ந்த இருவரில் ஒருவருக்குக் கடிதம் வந்தது, இன்னொருவருக்கு வரவில்லை. கடிதம் வந்தும் போகாதவருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 3,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதிர்ஷ்டச் சீட்டில் பெயர் விழுந்ததற்கு ஜெயில் என்பதை எந்தத் தாயாரிடம் போய் எப்படி விளக்குவீர்கள்?

சிங்கப்பூரைப் பார் என்பார்கள். பார்ப்போம். 1967இலிருந்து அங்கே உடல்தகுதி உள்ள ஆண்பிள்ளைகள் எல்லாரும் போகிறார்கள்; முழுநேரச் சேவை இரண்டு ஆண்டு, அதன்பின் பல ஆண்டுகள் ரிசர்வ் அழைப்பு. மந்திரி மகனும் போகிறான், டாக்சி ஓட்டுநர் மகனும் போகிறான் என்பதால்தான் அந்தக் கட்டாயத்தை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு படை. நம்மிடம் சம்பளம் வாங்கும் முழுநேரப் படை இருக்கிறது. அதற்குத் துணையாக அஸ்கார் வத்தானியா என்ற பகுதிநேர ராணுவப் படை இருக்கிறது, ரேலா என்ற மக்கள் தொண்டர் படை இருக்கிறது, பொதுத் தற்காப்புப் படை இருக்கிறது. எல்லாமே விரும்பிச் சேருபவை. 45 நாளில் யாரும் சிப்பாய் ஆவதில்லை என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகவே தெரியும்.

ஜெர்மனி 2011இல் கட்டாயப் படைச்சேவையை நிறுத்திவைத்தபோது, அதே ஆண்டு ஜூலையில் கூட்டரசுத் தன்னார்வச் சேவையைத் திறந்தது. மருத்துவமனை, முதியோர் இல்லம், சுற்றுச்சூழல் பணி என்று போகலாம். கைச்செலவுக்குப் பணம் உண்டு, சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கட்டப்படுகிறது. பிறகு அங்கே பாதுகாப்புச் சூழல் மாறி, படை பற்றிய விவாதம் மறுபடி கிளம்பியிருப்பது வேறு கதை.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போக மாட்டோம். தன்னார்வம் என்று விட்டால் யார் வருவார்கள்? பள்ளியிலேயே கேடட், சாரணர், செம்பிறைச் சங்கம் என்று சீருடை போட்டுப் பழகியவர்கள் வருவார்கள். படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன் வரமாட்டான். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி என்று ஆறு ஆண்டு தனித்தனியாக வளர்ந்த பிள்ளைகளை ஒரே அறையில் படுக்கவைக்க வேண்டும் என்றுதான் 2004இல் இந்தத் திட்டமே பிறந்தது. ஏற்கெனவே கலந்து பழகியவர்கள் மட்டும் வந்தால் அந்த நோக்கம் எங்கே நிறைவேறும்? நியாயமான கேள்வி.

ஆனால் ஒரே முகாமில் போட்டுவிட்டால் கலந்துவிடுவார்கள் என்பது பாதி உண்மை. சாப்பாட்டு மண்டபத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் ஒன்றாகக் கவாத்து செய்வார்கள். தட்டைக் கையில் எடுத்ததும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பெஞ்சு, சீனப் பிள்ளைகள் ஒரு பெஞ்சு, மலாய்ப் பிள்ளைகள் ஒரு பெஞ்சு என்று பிரிந்துவிடும். யாருக்கும் யார்மேலும் பகையில்லை. களைத்துப் போனவன் தாய்மொழியில் பேசத்தான் விரும்புவான். இதற்குச் சொற்பொழிவு மருந்தாகாது. ஏற்பாடுதான் மருந்து. பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனைப் பதிவு நாளன்றே கலந்து அமைக்க வேண்டும். ஒரே ஊரிலிருந்து வந்த நண்பர்கள் இருவருக்குமேல் ஒரே செக்‌ஷனில் கூடாது. கட்டில் வரிசையும் செக்‌ஷன்படி. காலை, மதியம் இரண்டு வேளை செக்‌ஷனாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இரவுச் சாப்பாட்டை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம், அந்த மூச்சுவிடும் நேரமும் வேண்டும். கழிவறை கழுவும் முறை, இரவுக் காவல் முறை இரண்டும் இருவர் இருவராக, வாரம் ஒருமுறை சோடி மாற வேண்டும். இரவுக் காவலில் இரண்டு மணி நேரம் தனியாக நிற்கும் இருவர் பேசாமல் இருக்க முடியாது. நாட்டுணர்வுப் பாடத்தின் ஸ்லைடுகளைவிட இது அதிகம் செய்யும்.

இனி, வராதவனை எப்படி வரவைப்பது. அவன் ஏன் வரவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும். எஸ்.பி.எம். முடிந்த மறுவாரம் பிறையிலோ பாயான் லெப்பாஸிலோ தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 ரிங்கிட். 45 நாள் என்பது ஒன்றரை மாதம், அதாவது 2,550 ரிங்கிட். பி40 என்னும் குறைந்த வருமானக் குடும்பத்தில் அது தம்பியின் பள்ளிச் செலவு, வீட்டு வாடகை பாக்கி. அந்தப் பணத்தை ஈடுகட்டாமல் "நாட்டுப்பற்று இல்லை" என்று சொல்வது சுலபம். குறைந்தபட்சச் சம்பளத்துக்கு நிகரான படித்தொகையை வாரந்தோறும் வங்கிக் கணக்கில் போடுங்கள். முகாம் முடிந்தபின் மொத்தமாகத் தருவது வீட்டில் அடுப்பெரிய உதவாது. ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு, திரும்பி வரும்போது அதே வேலை இருக்கும் என்ற உறுதியும் வேண்டும். இந்த இரண்டையும் செய்துவிட்டு, அழைப்பை இணையத்தில் மட்டும் போடாமல் தொழிற்சாலை விடுதி, அடுக்குமாடி வீட்டுச் சபை, கோயில் மண்டபம், தொழிற்பயிற்சி நிலையம் என்று நேரில் கொண்டுபோய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆள் வரவில்லை என்றால் கட்டாயத்தைப் பற்றிப் பேசலாம்.

காலண்டரும் ஒரு தடை. எஸ்.பி.எம். முடிவு, மெட்ரிகுலேஷன் சேர்க்கை, ஆறாம் படிவம், பாலிடெக்னிக், பொதுப் பல்கலைக்கழகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. 45 நாள் தொடர் அதில் ஏதாவது ஒன்றில் மோதாமல் இருக்காது. நேர்முகத் தேர்வுக்கு ஒருநாள் விடுப்பு, விண்ணப்பம் நிரப்ப முகாமிலேயே கணினியும் இணையமும் தருவது பெரிய செலவில்லை. கைப்பேசியைப் பிடுங்கி வைத்திருக்கும் நேரத்தில் விண்ணப்பத்தை உறுதிசெய்யும் கெடு முடிந்துபோனால் அந்தப் பிள்ளைக்கு ஓராண்டு போச்சு.

இப்போது உடல்நலம். கட்டாயத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று நாங்கள் கேட்பதில் பாதி இதற்காகத்தான். விரும்பி வருபவர் தம் ஆஸ்துமாவைத் தாமே சொல்வார். வலுக்கட்டாயமாக அழைக்கப்பட்டவர் சொன்னால், தப்பிக்கப் பார்க்கிறார் என்று யாராவது நினைப்பார்கள். நினைப்பார்கள் என்று பயந்து சொல்லாமலும் இருப்பார். பழைய முகாம்களில் மரணங்கள் நடந்தன. அந்தக் குடும்பங்களிடம் இன்றைக்கும் யாரும் "பொறுப்பு யார்" என்பதற்கு எளிய பதில் சொல்ல முடியாது.

பதிவின்போது கேட்க வேண்டியவை அதிகமில்லை. ஓடும்போது மயங்கியதுண்டா, நெஞ்சு வலித்ததுண்டா? வீட்டில் 50 வயதுக்குள் யாராவது திடீரென இறந்தார்களா? வலிப்பு, ஆஸ்துமா, தலசீமியா, சில மாத்திரைகளை உடம்பு ஏற்காத ஜி6பிடி என்ற ரத்தக் குறைபாடு உண்டா? ஜி6பிடி நம் நாட்டில் பிறந்ததும் பார்க்கும் சோதனை என்பதால் தாயாருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம். முகாம் கிளினிக்கில் தவறான மாத்திரை கொடுத்துவிட்டுப் பிறகு கண்டுபிடிப்பதைவிட முன்பே கேட்பது நல்லது. மயக்கம், திடீர் மரணம் என்ற இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் இ.சி.ஜி. எடுத்து மருத்துவர் பார்க்காமல் அந்தப் பிள்ளை ஓடக்கூடாது.

வெப்பம் வேறு விஷயம். குளிர்சாதன வகுப்பிலும் மின்விசிறிக்குக் கீழும் தேர்வுக்குப் படித்த உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அசம்பாவிதம் பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் வரும், அதுவும் சுறுசுறுப்பான பிள்ளைக்கு, அவன் நிறுத்தமாட்டான். முதல் இரண்டு வாரம் கவாத்து நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கனமான பயிற்சி காலை பத்து மணிக்கு முன்பே முடியட்டும். சாதாரண வெப்பமானி போதாது. வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்துக் காட்டும் டபிள்யூ.பி.ஜி.டி. கருவி மைதானத்தில் இருக்க வேண்டும். அது 32 டிகிரியைத் தாண்டினால் கடும் பயிற்சி நிறுத்தம்; அன்றைக்கு யார் பார்வையிட வந்திருந்தாலும் சரி. தண்ணீர் மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை. ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. "குடி, இன்னும் குடி" என்று கட்டளையிட்டுக் குடிக்கவைத்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி வேறு ஆபத்து வரும்.

பிள்ளை தடுமாறினால், உளறினால், கோபப்பட்டால் அது ஒழுங்குக் குறைவு என்று தண்டிக்கும் பயிற்றுநர் ஒருவர் போதும், ஓர் உயிர் போக. உடல்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியதற்கு அதுதான் முதல் அறிகுறி. ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் அங்கேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்க வேண்டும்; தலையை ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். குளிரவைப்பது முதலில், மருத்துவமனை அடுத்தது. அரைமணி நேரத்துக்குள் வெப்பம் இறங்க வேண்டும். ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, நாலு மூட்டை ஐஸ், ஒரு தார்ப்பாய். முகாமின் திறப்பு விழாப் பதாகைக்கு ஆகும் செலவுகூட ஆகாது.

எலிச்சிறுநீர்க் காய்ச்சலுக்கு இன்னொரு சிக்கல். சேற்றிலும் ஓடையிலும் பயிற்சி செய்தபின் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் வரும், சிலருக்கு ஒருமாதம்வரை இழுக்கும். அதாவது முகாம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, சிவந்த கண் என்று பக்கத்து கிளினிக்குக்குப் போனால் மருத்துவர் டிங்கி என்று நினைத்துவிடுவார். பிரியும் நாளில் சான்றிதழோடு ஒரு சிறு அட்டையும் கொடுங்கள்: "இவர் இன்ன தேதிவரை முகாமில் சேற்றுநீரில் இருந்தார்." அவ்வளவு போதும்.

சமையலறையைப் பற்றிச் சுருக்கமாக. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு வடித்த சோறும் சம்பலும் மூடிய பாத்திரத்தில் மதியம்வரை கிடந்தால் முந்நூறு பேருக்கும் ஒரே நாளில் வயிற்றுப்போக்கு. மாட்டிறைச்சி சமைக்கும் நாளில் கோழிக்கும் காய்கறிக்கும் கரண்டி தனி, பரிமாறும் மேசையும் தனி. சைவம் என்றால் இறைச்சியைப் பொறுக்கி எடுத்துவிட்ட குழம்பு ஆகாது. முன்னோடித் தொடர் நடந்த அந்த 45 நாளுக்குள் சீனப் புத்தாண்டும் வந்தது, தைப்பூசமும் வந்தது. காவடிக்கு விரதம் இருக்கும் பிள்ளைக்குப் பூசத்துக்கு முந்திய நாள்களில் என்ன சாப்பாடு, தண்ணீர்மலைக்கோ பத்துமலைக்கோ போய்வர விடுப்பு உண்டா என்பது பதிவுப் படிவத்திலேயே கேட்கப்பட வேண்டும். கேட்காவிட்டால் அந்தப் பிள்ளை விண்ணப்பிக்கவே மாட்டான். பிறகு இந்தியர்கள் வரவில்லை என்று அறிக்கை வரும்.

பெண்பிள்ளைகள் விடுதிக்கு இரவிலும் பெண் பயிற்றுநர், பெண் தாதி. இதில் பேச்சுக்கே இடமில்லை.

பயிற்சியின் உள்ளடக்கத்துக்கு வருவோம். பினாங்குக்கு எது தேவை? 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த பேய்மழையில் தீவிலும் செபராங் பிறையிலும் 7 பேர் இறந்தார்கள். அன்றைய முதலமைச்சர் அதிகாலையிலேயே ராணுவ உதவி கேட்க வேண்டி வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தஞ்சோங் பூங்காவில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்தார்கள். இப்படிப்பட்ட மாநிலத்தில் 45 நாளில் 15 நாளை வெள்ளத்துக்கும் முதலுதவிக்கும் ஒதுக்கினால் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பியதும் பயன்படுவார்கள்.

மணல்மூட்டை அடுக்குவதையே பாருங்கள். பார்க்கச் சின்ன வேலை. புதிதாக வருபவர்கள் எல்லாரும் மூட்டையை வாய்வரை நிரப்புவார்கள். நிரம்பிய மூட்டை கல்லாக நிற்கும். ஒன்றோடொன்று ஒட்டாது, இடுக்கில் தண்ணீர் பீறிடும், தூக்குபவன் முதுகும் போகும். பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்பி, வாயை மடித்து அடியில் வைத்து, மடிப்புப் பக்கம் தண்ணீர் வரும் திசையைப் பார்க்க, செங்கல் சுவர்போல் மேல்வரிசை கீழ்வரிசையின் இணைப்பை மூட வைத்து, ஒவ்வொரு வரிசையையும் மிதித்துத் தட்டையாக்க வேண்டும். இதை ஒரு மதியம் கைபடச் செய்தவன் ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி உயிர்காக்கும் சி.பி.ஆர். பயிற்சியும் அப்படித்தான். நூறு பேரை மண்டபத்தில் உட்காரவைத்துப் படம் காட்டி, கடைசியில் ஆளுக்கு அரை நிமிடம் பொம்மையைத் தொடவிட்டுச் சான்றிதழ் கொடுப்பது வீண். ஆறு பேருக்கு ஒரு பொம்மை. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். அழுத்தியபின் மார்பு முழுதாக மேலே எழும்ப விடாமல் மேலேயே சாய்ந்து நிற்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. முதல் வாரம் கற்பித்து, நான்காம் வாரம் எதிர்பாராத நேரத்தில் சோதித்துப் பாருங்கள்.

முகாம் முடிந்தபின் என்ன? அங்கேதான் பழைய பி.எல்.கே.என். கோட்டைவிட்டது. மூன்று மாதம் பழகிய பிள்ளைகள் அழுதுகொண்டே பிரிந்தார்கள், அத்தோடு சரி. இப்போது முடிப்பவரின் பெயரை, அவர் சம்மதத்தோடு, அவருடைய மாவட்டப் பொதுத் தற்காப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வெள்ளக் காலத்துக்கு முன் ஆண்டுக்கு ஒருநாள் மறுபயிற்சிக்கு அழையுங்கள். நிபோங் திபாலில் இருப்பவரை நிபோங் திபாலிலேயே அழையுங்கள். கோலாலம்பூருக்கு வரச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள்.

எங்கள் வேண்டுகோள் இது. அடுத்த மூன்றாண்டுக்கு இதைத் தன்னார்வமாகவே நடத்துங்கள். ஒவ்வொரு தொடர் முடிந்ததும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள், எத்தனை பேருக்கு வெப்ப பாதிப்பு, எத்தனை பேருக்கு உணவு நஞ்சு, இன, மாநில, வருமான வாரியாக யார் வந்தார்கள் என்று வெளியிடுங்கள். விபத்து நடந்தால் அமைச்சுக்கு வெளியே உள்ள மருத்துவர் ஒருவர் தலைமையில் விசாரணை, 60 நாளில் அறிக்கை. கட்டாயமாக்கும் மசோதாவை நாடாளுமன்றத்தில் வைக்கும் நாளில் இந்த மூன்றாண்டுக் கணக்கும் உறுப்பினர்கள் மேசைமேல் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். உடல்நலப் படிவம் மலாயில் மட்டும் இருந்தால், வீட்டில் அதை நிரப்பும் பாட்டியோ அம்மாவோ "வலிப்பு" என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிடக்கூடும். தமிழிலும் சீனத்திலும் அச்சிடுங்கள். தமிழ்ப் படிவத்தை எழுதவோ சரிபார்க்கவோ ஆள் வேண்டுமானால் சொல்லியனுப்புங்கள். ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறோம், கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் பணியாற்றும் முதலுதவி, வெள்ள மீட்பு, முகாம் பயிற்றுநர்கள்